ஒற்றையடிப் பாதையும் இரண்டு சக்கரமும்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் ஆம்பூரைத் தாண்டியதும் தெற்குப் பக்கம் ஒரு மலைச்சுவர் கூடவே வரும். அது ஜவ்வாது மலை. வாணியம்பாடியைக் கடந்து ஜோலார்பேட்டை நெருங்கும்போது தனியாக ஒரு மலை எழுந்து நிற்கும். அது ஏலகிரி. ரயிலில் இருப்பவர்களில் பலர் அந்த நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு டேனரி நாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மலையைப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆனால் சைக்கிள்காரர்கள் பார்க்கிறார்கள். சனி ஞாயிறுகளில் சென்னை, பெங்களூர் பக்கத்திலிருந்து ஹெல்மெட்டும் இறுக்கமான டவுசருமாக வந்து ஏலகிரியின் வளைவுகளில் மிதிப்பவர்களை இப்போது அடிக்கடி பார்க்கலாம். அவர்களில் ஒரு சிறு கூட்டத்துக்குத் தார்ச்சாலை போதாது. கல்லும் வேரும் சரளையுமாகக் கிடக்கும், ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஒற்றையடிப் பாதைதான் வேண்டும். உலகம் முழுக்க மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் தேடுவது அதைத்தான். ஆல்ப்ஸ், ராக்கி, இமயம் என்று உயரமான மலைகளுக்கு அவர்கள் படையெடுப்பதும் அதற்காகத்தான்.

அந்தப் பாதைகளை யார் போட்டார்கள்? சைக்கிள்காரர்கள் போட்டவை மிகச் சில. மற்றதெல்லாம் யாரோ, எப்போதோ, எதையோ சுமந்துகொண்டு நடந்ததால் விழுந்த தடங்கள். மவுண்டன் பைக்கின் வரலாற்றை எழுதுபவர்கள் சைக்கிளைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், பாதையைப் பற்றி எழுதுவதில்லை. இந்தக் கட்டுரை பாதையைப் பற்றியது.

முதலில் சைக்கிள் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம்.

மலையில் சைக்கிள் ஓட்டும் யோசனை புதிதல்ல. 1896-ல் அமெரிக்க ராணுவத்தின் 25-வது காலாட்படையில் ஜேம்ஸ் மாஸ் என்ற லெப்டினன்ட் கறுப்பின வீரர்களைக் கொண்டு ஒரு சைக்கிள் பிரிவை உருவாக்கினார். 1897-ல் 20 வீரர்கள் மொன்டானாவின் மிசூலாவிலிருந்து ராக்கி மலைகளைத் தாண்டி செயின்ட் லூயிஸ் வரை சுமார் 1,900 மைல் ஓட்டினார்கள். 41 நாள். கியர் இல்லாத சைக்கிள், முதுகிலும் ஹேண்டிலிலும் மூட்டை, மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் களிமண். இத்தனைக்குப் பிறகும் குதிரைக்குப் பதில் சைக்கிள் என்ற திட்டத்தை ராணுவம் கைவிட்டது.

இன்றைய மவுண்டன் பைக்குக்கு இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. ஒன்று கலிபோர்னியாவின் மாரின் மாவட்டம். 1976 அக்டோபர் 21 அன்று அங்கே சில இளைஞர்கள் 1930-40களின் தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவில் பந்தயம் வைத்தார்கள். மூன்றரை கி.மீ.க்கும் குறைவான தூரம், 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் என்பதால், கீழே வருவதற்குள் பின்சக்கரத்தின் நடு உருளையில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, டாம் ரிட்சி என்ற பெயர்கள் எல்லாம் இங்கிருந்து வந்தவை. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' கடைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. இருபதே ஆண்டுகள்!

இன்னொன்று கொலராடோவின் கிரெஸ்டட் பியூட். 1976 செப்டம்பரில் அந்த ஊர்க்காரர்கள் பழைய சைக்கிள்களை மிதித்தும் தள்ளியும் பேர்ல் கணவாய் வழியாக ஆஸ்பென் நகரத்துக்குப் போனார்கள். கணவாயின் உயரம் சுமார் 3,870 மீட்டர். மரங்கள்கூட வளராத உயரம். ஆஸ்பென் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து பந்தா காட்டிவிட்டுப் போனதற்குப் பதிலடியாம்!

இப்போது பாதைக்கு வருவோம். ரீபேக் பந்தயம் நடந்த சரிவு காட்டுத்தீயை அணைக்கப் போவதற்காக வெட்டப்பட்ட மண் சாலை. பேர்ல் கணவாய்ப் பாதை 1880களில் சுரங்கத் தாதுவை வண்டியில் கொண்டுபோக வெட்டப்பட்டது. சுரங்கம் படுத்தது, வண்டி நின்றது, பாதை மட்டும் மிச்சம். அந்த மிச்சத்தின் மேல்தான் ஒரு புதிய விளையாட்டு பிறந்தது.

இந்தியாவில் இமயமலையின் கதையும் இதே மாதிரிதான். ஹிமாச்சலில் 2005 முதல் நடந்துவந்த எம்டிபி ஹிமாலயா பந்தயத்தின் வழிகள் பெரும்பாலும் பழைய கோவேறு கழுதைத் தடங்களும் வனத்துறைப் பாதைகளும். டல்ஹௌசி காலத்தில், 1850-ல், வெட்டத் தொடங்கிய இந்துஸ்தான் - திபெத் சாலை கம்பளி வியாபாரத்தை மனதில் வைத்துப் போடப்பட்டது. சைக்கிள்காரர்களின் புண்ணிய யாத்திரையாகிவிட்ட மணாலி - லே சாலை ராணுவத்துக்காகப் போடப்பட்டது. 1962 போருக்குப் பிறகு எல்லைக்குச் சாலை வேண்டும் என்ற அவசரம் இல்லாவிட்டால் 5,328 மீட்டர் உயரத்தில் இருக்கும் டங்லங் லா கணவாய்க்கு யாரும் தாரைக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். பொதுமக்களுக்கு அந்தச் சாலை திறந்தது 1989-ல்தான்.

நம்ம ஊரில் சைக்கிளுக்கு இந்தப் பெயர் வந்தது 1980களின் கடைசியிலும் 90களிலும். 'ஹீரோ ரேஞ்சர்' மாதிரி நேரான ஹேண்டில், தடித்த டயர் வைத்த சைக்கிள்கள் வந்தன. பெயர்தான் மவுண்டன் பைக். ஓடியதெல்லாம் டியூஷனுக்கும் கிரிக்கெட் கிரவுண்டுக்கும். பலவற்றில் கியரே கிடையாது. சாதாரணக் கறுப்பு சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5 மீட்டர் நகரும். உண்மையான மவுண்டன் பைக்கில் மிகக் குறைந்த கியர் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். மெதுவாகப் போகும், ஆனால் கால் தாங்கும். மலையேற்றத்தின் மொத்த ரகசியமும் இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. தமிழக அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிளை ஜவ்வாது மலையின் ஒரு கிராமத்துப் பையன் வாங்கினால், அதை ஊருக்கு எடுத்துப்போவது எப்படி என்று யோசித்தால் இந்த விகிதம் நன்றாகப் புரியும்.

சரி, ஜவ்வாது மலைக்கு வருவோம்.

சுமார் 80 கி.மீ. நீளம், 30 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான அகலம். ஒரு காலத்தில் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டத்தின் மலை. இன்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. அணைக்கட்டுப் பக்கத்து மலைக் கிராமங்கள் வேலூரில். ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில். மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை.

இந்த மலைகளின் பாதைகளைப் பற்றித் தமிழில் ஒரு மிகப் பழைய வழிகாட்டி இருக்கிறது. அதை யாரும் அப்படிப் படிப்பதில்லை, மனப்பாடச் செய்யுளாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். பத்துப்பாட்டில் கடைசி நூலான மலைபடுகடாம்தான் அது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். நன்னன் என்ற மன்னனைப் பார்த்துப் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு, ஏற்கெனவே போய்வந்த ஒருவன் வழி சொல்வதாக அமைந்தது. நன்னனின் ஊர் செங்கம். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரம். பாட்டில் வரும் சேயாறுதான் இன்றைய செய்யாறு.

அந்த வழி சொல்லும் ஆள் கவிதையாகப் பேசினாலும், சொல்வதெல்லாம் பாதைக்குத் தேவையான விஷயம். பன்றிக்காகக் கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் கிளம்பாதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறான். பாம்பு கிடக்கும் குழிகளைப் பார்த்துப் போகச் சொல்கிறான். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் கல் எறிவார்கள், அது மரங்களில் பட்டுத் தெறித்து வரும், மரத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு நகருங்கள் என்கிறான். பாசி பிடித்து வழுக்கும் இடங்களில் மூங்கிலையும் நாணலையும் பற்றிக்கொண்டு போகச் சொல்கிறான். எல்லாவற்றிலும் அருமையானது இது: வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், சரியான வழி எது என்று பார்த்து, பின்னால் வருபவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான்.

இன்று கொலராடோவிலும் சுவிட்சர்லாந்திலும் பாதைக் குறிகளுக்கென்று வண்ணப் பலகைகள், கற்குவியல்கள், ஜி.பி.எஸ். கோப்புகள் எல்லாம் உண்டு. வேலை என்னவோ அந்தப் புல் முடிச்சு செய்த அதே வேலைதான். முதலில் போனவன் அடுத்தவனுக்கு விட்டுவைக்கும் தகவல்.

கூத்தர்கள் பறையையும் யாழையும் சுமந்துகொண்டு இந்த மலைகளில் ஏறினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் வேறு வேறு சுமைகளைச் சுமந்தார்கள். மலைப்பாதையின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சாலை இல்லாத மலையிலிருந்து எதை விற்க முடியும்? ஓர் ஆள் தலைச்சுமையாக 30 கிலோ தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கி, சந்தையில் விற்று, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் ஏற வேண்டும். ஒரு நாள் உழைப்பு முழுதும் அந்த 30 கிலோவில் அடங்கியாக வேண்டும். கிலோவுக்கு நல்ல விலை போகும் பொருளாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால்தான் சாலை இல்லாத மலைகளின் விற்பனைப் பட்டியல் எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது: தேன், மெழுகு, புளி, கடுக்காய், சந்தனம். தக்காளி இருக்காது. அடிவாரம் போவதற்குள் நசுங்கிவிடும், விலையும் கூலிக்குக் காணாது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 30 கிலோவை இறக்கிக்கொண்டு வந்தவர், விலை பிடிக்கவில்லை என்று திரும்பத் தூக்கிக்கொண்டு மலையேற மாட்டார். இது வாங்குபவனுக்கும் தெரியும். பேரம் ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. ஒடுகத்தூர், ஆலங்காயம், போளூர், செங்கம் என்று மலையைச் சுற்றியுள்ள அடிவார ஊர்களின் வியாபாரிகளுக்கு அந்தச் சரிவே ஒரு முதலீடு. பாதை எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு லாபம் என்றுகூடச் சொல்லலாம்.

பட்டியலில் கடுக்காயைத் தனியாகக் கவனியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிலின் பழைய முறை மரப்பட்டையில் பதனிடுவது. ஆவாரம் பட்டைதான் முக்கியம். கொன்றைப் பட்டையும் உண்டு. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். இப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்துக் காட்டிய பிறகும் பல பத்தாண்டுகளுக்குப் பட்டைத் தோல்தான் இந்தப் பகுதியின் அடையாளம். பாலாற்றங்கரையில் தொட்டிகள் இருந்தன, ரயில் இருந்தது, 1856-லேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. கடுக்காய் மரம் மட்டும் மலையில் இருந்தது. லண்டன் வரை நீண்ட ஒரு வியாபாரத்தின் ஒரு நுனியில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் எங்கேயோ கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிய கால்கள் இருந்தன. தோல் தொழில் வரலாற்றில் ஏற்றுமதியாளர்களின் பெயர் வரும், இந்தக் கால்கள் வருவதில்லை.

பக்கத்துத் தகவல் ஒன்று. சைக்கிள் சீட்டுக்குப் பேர்போன இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனம் 1866-ல் தோல் சாமான் கடையாகத் தொடங்கியது. அந்தத் தோல் சீட்டுகள் இன்றும் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல்தான். ஆம்பூரின் பழைய முறையும் அதுவும் தூரத்துச் சொந்தம்.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு அரசின் காப்புக்காடானது. பாதையில் நடப்பவர் கையில் என்ன இருக்கிறது என்பது வனக்காவலரின் விசாரணைக்கு உரிய விஷயமானது. சந்தனம் அரசுச் சொத்து, திருப்பத்தூரில் அதற்கு அரசுக் கிடங்கு. தாத்தா நடந்த அதே தடத்தில் பேரன் திருடனாகப் பார்க்கப்பட்டான். சிலர் உண்மையிலேயே கடத்தல்காரர்களுக்குக் கூலிகளாகவும் போனார்கள். கல்லிலும் முள்ளிலும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு இரவில் வழி தவறாமல் நடக்கத் தெரிந்த ஆட்களுக்கு வேறெங்கே அவ்வளவு கிராக்கி இருக்கும்? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்களை ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஜவ்வாது மலைப் பகுதி ஆட்களும் உண்டு.

இனி சாலைகள். எந்த மலைக்கு எப்போது சாலை வந்தது என்று பார்த்தால், அந்த மலையில் யாருக்கு என்ன வேலை இருந்தது என்பது தெரிந்துவிடும்.

நீலகிரிக்குக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் முதல்முறை ஏறினார். குளிர் பிடித்துவிட்டது. 1823-க்குள் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போட்டாகிவிட்டது. நான்கே ஆண்டு! 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைச்சாலை, 1899-ல் குன்னூர் வரை ரயில், 1908-ல் ஊட்டி வரை. வெள்ளைக்காரர்களுக்குக் குளிர் வேண்டியிருந்தது, தேயிலை வேண்டியிருந்தது. இன்று நீலகிரியில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்கள் வருகிறார்கள். 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' 2008-ல் தொடங்கியது. அவர்கள் மிதிப்பது சல்லிவனும் அவருக்குப் பின் வந்தவர்களும் விரும்பிய குளிருக்குப் போட்ட சாலைகளில்.

ஏலகிரி சின்ன மலை, உச்சிச் சமவெளி 1,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அங்கேயும் ஒரு காலத்தில் நடைபாதைதான். இப்போது பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் ஒரு புலவரைப் பார்த்துக்கொண்டே ஏறுவது தமிழ்நாட்டில்தான் நடக்கும். சாலை வந்ததும் ஓட்டல் வந்தது, படகுத்துறை வந்தது, பங்களா வந்தது, நிலத்தின் விலை ஏறியது. ஒற்றையடிப் பாதை தேடும் சைக்கிள்காரர்கள் மங்கலத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறும் தடத்தையும், நிலாவூர்ப் பக்கமிருந்து ஜலகாம்பாறை நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் தடத்தையும் பார்த்து ஏங்குகிறார்கள். இரண்டும் கோயிலுக்கும் அடிவாரத்துக்கும் ஆட்கள் நடந்த தடங்கள்.

ஜவ்வாது மலைக்குள் நல்ல சாலை போன ஒரு காரணம் கொஞ்சம் விசித்திரமானது. நட்சத்திரங்கள்! வைணு பாப்பு 1960களின் கடைசியில் காவலூரைத் தேர்ந்தெடுத்து வானாய்வகம் தொடங்கினார். ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டு, சுமார் 725 மீட்டர் உயரம். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கண்ணாடியைத் தலைச்சுமையாக ஏற்ற முடியாது அல்லவா?

அதே மலையில், காவலூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கிராமங்களுக்கு 21-ஆம் நூற்றாண்டிலும் சாலை இல்லை.

இந்த இடத்தில் மாரின் மாவட்டத்துக்கு ஒரு முறை திரும்பிப் போய்வர வேண்டும். அங்கே 1980களில் பாதைக்காகச் சண்டை வந்தது. நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் ஒரு பக்கம், சைக்கிள்காரர்கள் மறுபக்கம். ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. அகலமான மண் சாலைகளில் மணிக்கு 15 மைல் வேகக் கட்டுப்பாடு, மீறினால் அபராதம். 1984-ல் அமெரிக்க வனத்துறை, சட்டப்படி 'வனாந்தரம்' என்று ஒதுக்கிய இடங்களில் சைக்கிளை முழுமையாகத் தடை செய்தது. பிரேக் பிடித்து வழுக்கும் சக்கரம் பாதையில் பள்ளம் பறிக்கிறது, மழைநீர் அந்தப் பள்ளத்தில் ஓடி மண்ணை அரிக்கிறது என்பது ஒரு வாதம். நடந்து போகிறவரைப் பயமுறுத்துகிறது என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கவனியுங்கள், அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள். பாதை பாதையாகவே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

நம் மலையில் சண்டை வேறு மாதிரி. சுற்றுலா வருபவருக்குப் பாதை பாதையாகவே இருக்க வேண்டும். கான்கிரீட் போட்டால் அழகு போச்சு என்பார். வனத்துறைக்கும் காடு உடையக் கூடாது. தேனி குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024-ல் வனத்துறையே 40 மலையேற்ற வழிகளைக் கட்டணத்துக்குத் திறந்துவிட்டது. இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பாதையின் மேல்நுனியில் வீடு வைத்திருப்பவர் கேட்பது ஒன்றே ஒன்று: ஆம்புலன்ஸ் ஏறுகிற மாதிரி ஒரு சாலை.

2023 மே மாதக் கடைசியில் அணைக்கட்டு அருகே அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. கொடுமை அதோடு முடியவில்லை. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், இதற்கு மேல் வண்டி போகாது என்று வழியிலேயே இறக்கிவிட்டது. தாய் தன் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தப் பாதையில் பல கி.மீ. நடந்தார். அந்தப் படம் பத்திரிகைகளிலும் டிவியிலும் வந்தபின் அல்லேரி சாலைக்கான கோப்பு வேகமாக நகர ஆரம்பித்தது.

வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மலை இது. வேலூர் ஆஸ்பத்திரிக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள்.

வாணியம்பாடிக்கு மேலே நெக்னாமலை என்று ஒரு கிராமம். அடிவாரத்திலிருந்து சுமார் 7 கி.மீ. மேலே நடக்க வேண்டும். நோயாளி என்றால் டோலி, பிரசவம் என்றால் டோலி, வெளியூரில் யாராவது இறந்தால் உடலைக் கொண்டுவரவும் டோலி. தேர்தல் வந்தால் வாக்குப் பெட்டியும் அதிகாரிகளும் அதே பாதையில் ஏற வேண்டும். ஓட்டுக் கேட்பவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுப் போனால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். கடைசியில் ஊர்க்காரர்களே கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கிப் பாதையை மண் சாலையாக அகலப்படுத்திக்கொண்டார்கள்.

சாலை போடுவதில் பணத்தைவிடப் பெரிய தடை காகிதம். 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுக்க மத்திய அரசின் ஒப்புதல் தேவை. 2006-ன் வன உரிமைச் சட்டம் இதில் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. பள்ளி, மருந்தகம், சாலை போன்ற வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரை செய்தால், ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை அந்தப் பெரிய நடைமுறை இல்லாமல் ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது.

1 ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஒரு வண்டி போக மூன்றரை மீட்டர் அகலம் என்று வைத்தால், 1 ஹெக்டேரில் 2.8 கி.மீ. சாலைதான் போடலாம். 7 கி.மீ. என்றால் 2.45 ஹெக்டேர். அதில் காட்டுக்குள் போகும் பகுதி 1 ஹெக்டேரைத் தாண்டிவிட்டால் கோப்பு பெரிய கதவுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். மாற்று நிலம், நிகர மதிப்பு, ஆய்வு, மறு ஆய்வு. உயரமான இடத்தில் இருக்கும் ஊருக்குப் பாதை வளைந்து வளைந்துதான் போக முடியும், வளைந்தால் நீளம் கூடும், நீளம் கூடினால் ஹெக்டேர் கூடும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தள்ளிப்போகும்.

ஒரு மவுண்டன் பைக் தடத்துக்கு 60 செ.மீ. அகலம் போதும். 7 கி.மீ.க்கு 0.42 ஹெக்டேர். சட்டத்தின் சின்னக் கதவுக்குள்ளேயே தாராளமாக நுழைந்துவிடும்.

மலைக் கிராமத்து இளைஞர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வெட்டிய மண் பாதையில் டிவிஎஸ் எக்ஸெல்லை ஏற்றிவிட்டார்கள். பின்னால் ரேஷன் அரிசி மூட்டை, முன்னால் கேஸ் சிலிண்டர், கைப்பிடியில் தொங்கும் பை. கியர் கிடையாது, சஸ்பென்ஷன் பேருக்குத்தான். மழை பெய்த மறுநாள் பாதையின் நடுவில் ஓடை ஓடிய பள்ளம் இருக்கும், ஒருவர் ஓட்ட இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளுவார். ஓரத்தில் கல் அடுக்கி, நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட ஒரு மரக்கட்டையைக் குறுக்கே புதைத்து வைப்பார்கள். கொலராடோவில் இந்த வேலைக்குப் பயிற்சி வகுப்பு உண்டு, கையேடு உண்டு, தொண்டர் படை உண்டு. இங்கே அடுத்த மழைக்குள் செய்து முடித்தாக வேண்டும், ஏனென்றால் மாதத்தின் முதல் வாரம் ரேஷன் போடுவார்கள்.